சாலிட்வொர்க்ஸ் ஓட ஒரு டெஸ்க்டாப்: ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடைக்குள் நுழைந்து "இன்ஜினியரிங் படிக்கிற பொண்ணுக்கு டிசைன் சாஃப்ட்வேர் ஓடுற மாதிரி ஒரு சிஸ்டம் வேணும்" என்று கேட்டாலும், கொட்டேஷன் பெரும்பாலும் ஒரே வார்ப்பில்தான் வரும். பணத்தில் ஏறக்குறைய பாதி கிராபிக்ஸ் கார்டுக்குப் போயிருக்கும். கண்ணாடி வைத்த கேபினெட், கலர் கலராக ஒளிரும் ஃபேன்கள், 16 ஜிபி ராம், பெயரே கேள்விப்படாத பிராண்டில் ஒரு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). ஏன் என்று கேட்டால், "கேமே ஓடுது சார், டிசைன் ஓடாதா?" என்பார்கள். நியாயமான கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் சாலிட்வொர்க்ஸ் மாதிரி ஒரு டிசைன் மென்பொருள் கம்ப்யூட்டரிடம் கேட்பது வேறு, கேம் கேட்பது வேறு.

அக்கா மகள் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு. கல்லூரியில் போட்டிக்கு வண்டி கட்டும் பாஜா அணியில் சேர்ந்திருக்கிறாள். வண்டியின் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் எல்லாம் சாலிட்வொர்க்ஸில் வரைந்து, ஆன்சிஸில் பாரம் ஏற்றிப் பார்க்கிற வேலை. "லேப் சிஸ்டத்துல முழு அசெம்பிளியைத் திறந்தா அப்படியே நின்னுடுது மாமா" என்றாள். அவளுக்காக 2025 நடுவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டரைப் பற்றியதுதான் இந்த விமர்சனம். ஏஎம்டி ரைசன் 5 7600 ப்ராசசர், பி650 சிப்செட் போர்டு, 16 ஜிபி குச்சிகள் இரண்டாக 32 ஜிபி டிடிஆர்5 ராம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060, 650 வாட் எஸ்எம்பிஎஸ், 27 அங்குல மானிட்டர். மானிட்டரோடு சேர்த்து ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியது.

ப்ராசசரில் இருந்து ஆரம்பிக்கிறேன். அதிகம் ஏமாறுகிற இடம் அதுதான். சாலிட்வொர்க்ஸில் ஒரு பாகம் வரைவது என்றால் முதலில் ஒரு ஸ்கெட்ச், அதை இழுத்து ஒரு கட்டை, அதில் ஒரு துளை, துளையின் விளிம்பில் ஒரு வளைவு என்று படிப்படியாகப் போகும். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல் நிற்கிறது. முதல் ஸ்கெட்சில் ஓர் அளவை மாற்றினால் பின்னால் வருகிற அத்தனையையும் மென்பொருள் வரிசையாக மறுபடி கணக்குப் போட வேண்டும். எத்தனை கொத்தனார் நின்றாலும் அடித்தளம் இறுகாமல் சுவர் எழும்பாது அல்லவா, அந்தக் கதைதான். இந்த ரீபில்டு வேலை பெரும்பாலும் ஒரே கோரில் நடக்கிறது. ஆட்டோகேட், ரெவிட் இரண்டும் பெரும்பாலும் இதே ரகம்.

வீட்டிலேயே இதைப் பார்த்துவிடலாம். பெரிய பாகம் ஒன்றை ரீபில்டு செய்யவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், ப்ராசசர் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். ரைசன் 7600-க்கு 6 கோர், 12 த்ரெட். அதில் ஒன்று மட்டும் முழு மூச்சில் ஓடினால் மொத்தக் கணக்கில் 8 சதவீதம்தான் காட்டும். 'ப்ராசசர் வேலையே செய்யலையே, அப்புறம் ஏன் லேட் ஆகுது' என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் பதில். இந்த இடத்தில் 16 கோர் வாங்கினாலும் அந்த ஒரு கோரின் வேகம்தான் முடிவு செய்யும். 7600-இன் உச்ச வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ். விலைக்கு இது நல்ல வேகம்.

இதே காரணத்தால்தான் பழைய ஸியான் ப்ராசசர் வேண்டாம் என்கிறேன். பெரிய கம்பெனிகள் கழித்துக்கட்டிய வொர்க்ஸ்டேஷன்களை 'ரீஃபர்பிஷ்டு' என்று வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். '14 கோர், 28 த்ரெட், 64 ஜிபி ராம்' என்று அட்டையில் எழுதியிருக்கும். விலையும் ஆசை காட்டும். உள்ளே இருப்பது இன்டெல் ஸியான் இ5-2680 வி4 மாதிரி ஒன்று. 2016-இல் வந்த சில்லு, உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். ரெண்டரிங்கில் அத்தனை கோரும் சேர்ந்து இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் மாணவர் நாள் முழுக்கச் செய்யப்போவது மாடலிங். அதில் இது தவழும். இந்தத் தலைமுறைச் சில்லுகள் விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது.

இன்டெல் பக்கம் ஐ5-14400 மோசமில்லை. நான் ஏஎம்டி எடுத்ததற்குக் காரணம் சாக்கெட். 14400 உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட் 14ஆம் தலைமுறையோடு முடிந்துபோன கதை. 7600 உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புதிய சில்லுகள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. மேற்படிப்புக்குப் போகும்போது போர்டை மாற்றாமல் ப்ராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று: இன்டெல்லில் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது, கார்டு போடாமல் திரையே வராது. கொட்டேஷனில் பெரும்பாலும் எழுதப்படுவது அந்த எஃப் ரகம்தான். 7600-க்குள் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது. கேமுக்கு உதவாது. முதலாண்டில் இன்ஜினியரிங் கிராபிக்ஸ் பாடத்துக்கு ஆட்டோகேட்டில் இரு பரிமாணப் படம் வரைய, சின்னப் பாகங்களைத் திருப்பிப் பார்க்க தாராளமாகப் போதும். அதாவது முதல் இரண்டு வருடம் கார்டே வாங்காமல் ஓட்டி, தேவை தெரிந்த பிறகு வாங்கலாம். எந்தக் கடைக்காரரும் இந்த யோசனையைத் தானாகச் சொல்ல மாட்டார்.

ப்ராசசரை பாக்ஸோடுதான் வாங்க வேண்டும். 'ட்ரே' என்று தனியாக விற்பது விலை குறைவுதான். கூலர் வராது, வாரன்டி எவ்வளவு என்பது கடைக்காரர் வாய்ச்சொல். 7600 பாக்ஸில் ரெய்த் ஸ்டெல்த் என்ற குட்டிக் கூலர் வருகிறது. அதை மாட்ட, போர்டில் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றிவிட்டு நேராகத் திருக வேண்டும். இது தெரியாமல் பிடிகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு. மாடலிங்குக்கு அந்தக் கூலர் போதுமானது. ரெண்டரிங், சிமுலேஷன் என்று எல்லாக் கோரும் இறங்கி வேலை செய்தால் சென்னை மே மாத மதியத்தில் சூடு 90-ஐத் தாண்டுகிறது, ஃபேன் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கிறது. இந்தச் சில்லுக்கு 95 டிகிரிதான் எல்லை; அதைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கெட்டுப்போகாது. ஆனாலும் இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு டவர் கூலர் போட்டபின் சத்தமும் சூடும் அடங்கின.

முதல் முறை ஆன் செய்யும்போது ஒரு பயம் காத்திருக்கிறது. ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். சில நிமிடங்கள் வரை அப்படியே நிற்கலாம். டிடிஆர்5 ராமோடு போர்டு ஒத்திசைந்து பழகிக்கொள்ளும் நேரம் அது. அவசரப்பட்டு ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டால் முதலில் இருந்து ஆரம்பிக்கும். எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவது உத்தமம்.

ராம் 32 ஜிபி என்பதில் எனக்குச் சமரசம் இல்லை. விண்டோஸ், பிரவுசரில் பத்து டேப், சாலிட்வொர்க்ஸில் வண்டியின் முழு அசெம்பிளி, பின்னால் ஆன்சிஸ் என்று இருந்தால் 16 ஜிபி நிரம்பிவிடுகிறது. நிரம்பினால் எஸ்எஸ்டியைத் தற்காலிக நினைவகமாக எடுத்துக்கொள்ளும். லேப் சிஸ்டம் 'அப்படியே நின்ற' கதை பெரும்பாலும் அதுதான். 64 ஜிபி வேண்டுமா? மாணவருக்கு வேண்டாம். ஆன்சிஸ் இலவசமாகத் தரும் மாணவர் பதிப்பில் கட்டமைப்புக் கணக்குக்கு 1,28,000 நோடு என்று ஒரு வரம்பு இருக்கிறது. வழக்கமான மாணவர் கணக்குகளில் 32 ஜிபி தீர்வதற்கு முன்னால் அந்த வரம்புதான் குறுக்கே வரும். லைசென்ஸ் அனுமதிக்காத வேலைக்கு ராம் வாங்கிப் பயன் இல்லை.

வாங்கிய ராம் 6000 வேகம் என்று பெட்டியில் இருக்கும். போர்டில் செருகியவுடன் அந்த வேகத்தில் ஓடாது, 4800-இல்தான் ஓடும். பயோஸுக்குள் போய் 'எக்ஸ்போ' என்பதை ஆன் செய்ய வேண்டும். கடையில் அசெம்பிள் செய்துகொடுக்கும் பையன்கள் பலர் இதைச் செய்வதில்லை. வீட்டுக்கு வந்ததும் டாஸ்க் மேனேஜரில் மெமரி வேகத்தைப் பார்ப்பது நல்லது. ஏஎம்5 போர்டில் நான்கு குச்சிகளையும் நிரப்பினால் வேகம் வெகுவாக இறங்கும், ஆகவே இரண்டோடு நிறுத்த வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். உண்மையைச் சொன்னால், மாடலிங் மட்டும் செய்யும் மெக்கானிக்கல் மாணவருக்கு 3060 அதிகம், 3050 போதும். திரையில் மாடலைத் திருப்புவது, பெரிதாக்குவது மட்டும்தான் கார்டின் வேலை. ரீபில்டில் அதற்குப் பங்கு இல்லை. அக்கா மகள் பிளெண்டரில் வண்டியை ரெண்டர் செய்து போட்டிக்கான பிரசன்டேஷனில் வைக்கிறாள், அதற்காகத்தான் 3060. 2021-இல் வந்த பழைய கார்டு. 2023-இல் வந்த 8 ஜிபி 4060 இதைவிட வேகம், மின்சாரமும் குறைவு: 170 வாட்டுக்கு எதிரே 115. இருந்தும் பழையதை எடுத்தது 12 ஜிபி நினைவகத்துக்காக. காட்சி முழுவதும் கார்டின் நினைவகத்துக்குள் அடங்கினால்தான் ரெண்டர் வேகமாக ஓடும். அடங்காவிட்டால் வேகம் சரியும், இல்லை நடுவில் நின்றுவிடும். நின்றுபோன ரெண்டருக்கு மெதுவாக முடிகிற ரெண்டர் மேல்.

ஏஎம்டி ரேடியான் கார்டுகள் அதே விலைக்கு கேமில் நன்றாக ஓடுகின்றன. டிசைன் வேலைக்குப் பரிந்துரைக்கத் தயக்கம். கீஷாட்டின் ஜிபியு ரெண்டர், ஆன்சிஸ் டிஸ்கவரியின் உடனடிக் கணக்கு போன்றவை என்விடியா கார்டைத்தான் கேட்கின்றன. அப்புறம், 'டிசைனுக்குக் குவாட்ரோ மாதிரி கார்டுதான் போடணும்' என்று சீனியர் யாராவது சொல்வார்கள். ஆர்டிஎக்ஸ் ஏ2000 போன்ற வொர்க்ஸ்டேஷன் கார்டுகளை மென்பொருள் நிறுவனங்களே சோதித்துச் சான்று தருகின்றன. சாலிட்வொர்க்ஸில் உலோகம் பளபளப்பாகத் தெரியும் 'ரியல்வியூ' பொத்தான் அந்தக் கார்டுகளில்தான் முறைப்படி வேலை செய்யும். எங்கள் 3060-இல் அந்தப் பொத்தான் மங்கித்தான் கிடக்கிறது. அது இல்லாமல் ஒரு வேலையும் தடைபடவில்லை. கோளாறு வந்தால் பொறுப்பேற்க ஆள் வேண்டும் என்று நினைக்கிற கம்பெனிக்குச் சான்று பெற்ற கார்டு தேவை. மாணவர் தன் காசைக் கொட்ட வேண்டிய இடம் அதுவல்ல. என்விடியா தளத்தில் 'ஸ்டூடியோ' டிரைவரை எடுத்துப் போட்டால் போதும்.

இனி நான் அதிகம் அலைந்த பாகம்: எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு 'ஃப்ரீயா' தருகிறேன் என்று ஒரு கடையில் நீட்டினார்கள். கையில் வாங்கினால் காற்றுபோல எடை, மேலே '600 வாட்' என்று பெரிய எழுத்து. இந்த ரகம் எரியும்போது தனியாக எரியாது; போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) சான்றாவது இருக்கிற, ஐந்து வருட வாரன்டி உள்ள 550 வாட்டே இந்தச் சிஸ்டத்துக்குப் போதும். 650 எடுத்தது பின்னால் கார்டு மாற்றினால் இருக்கட்டும் என்றுதான்.

நம் ஊர் மின்சாரத்தைக் கணக்கில் எடுக்காமல் டெஸ்க்டாப் வாங்குவது வீண். ரைசன் 7600 அதிகபட்சம் 88 வாட், கார்டு 170 வாட், மற்றவையும் மானிட்டரும் சேர்ந்தால் 350 வாட்டை ஒட்டி நிற்கும். கடையில் சாதாரணமாகத் தரும் 600 விஏ யுபிஎஸ் கொடுக்கக்கூடியதே சுமார் 360 வாட்தான். கரண்ட் போன நொடியில் ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தால் அது 'பீப்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்துவிடும். 1000 விஏ வாங்குங்கள். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன் வேவ்தானா என்று பாருங்கள். பின்பக்கம் 'யுபிஎஸ் மோட்' என்றொரு ஸ்விட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். சாதாரண மோடில் அது கைமாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம்.

கேபினெட்டைத் தொட்டால் 'சுர்' என்று அடிக்கிறது என்று பலர் சொல்வது எஸ்எம்பிஎஸ் கோளாறு அல்ல, வீட்டில் எர்த் இல்லை என்பதற்கான அடையாளம். எஸ்எம்பிஎஸ்ஸில் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் சிறு கசிவு மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்புகின்றன. எர்த் கம்பி வெறுமனே தொங்கினால் அது கேபினெட்டின் உடம்பில் வந்து நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக் பாயின்டை மட்டுமாவது சரிசெய்துவிட்டுக் கம்ப்யூட்டரை வைக்க வேண்டும். மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் அடாப்டரை வீட்டைவிட்டே எறிந்துவிடுங்கள்.

கேபினெட் முன்பக்கம் வலை வைத்ததாக இருக்கட்டும். கண்ணாடி முகப்பு அழகுதான், காற்று போக வழி இருக்காது. தெருவை ஒட்டிய வீடு என்றால் வலையின் பின்னால் இருக்கும் வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றித் தட்ட வேண்டும். எஸ்எஸ்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: 1 டிபி, என்விஎம்இ, அறிந்த பிராண்ட். ஜென்5 வேகத்துக்குக் கூடுதல் பணம் கொடுத்தால் இந்த வேலையில் வித்தியாசமே தெரியாது.

மிச்சப்படுத்திய பணத்தை மானிட்டரில் போட்டதுதான் இந்தச் சிஸ்டத்தில் எனக்கு மிகவும் திருப்தியான முடிவு. சாலிட்வொர்க்ஸில் இடப்பக்கம் படிகளின் பட்டியல், வலப்பக்கம் இன்னொரு பலகை, மேலே பொத்தான் வரிசை. 1080பி திரையில் இவை போக மாடலுக்குக் கிடைப்பது ஒரு ஜன்னல் அளவுதான். 27 அங்குலம், 1440பி, ஐபிஎஸ் என்று போனதும் மெல்லிய கோடுகள் படிக்கட்டுபோல உடையாமல் நேராகத் தெரிகின்றன, பட்டியலும் மாடலும் ஒன்றாக விரிகின்றன. 144 ஹெர்ட்ஸ், 180 ஹெர்ட்ஸ் எல்லாம் இந்த வேலைக்கு வேண்டியதில்லை.

மவுஸும் முக்கியம், சிரிக்காதீர்கள். சாலிட்வொர்க்ஸில் நடுச்சக்கரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் மாடலைத் திருப்ப வேண்டும். சக்கரம் கடினமான மலிவு மவுஸ் நாள் முழுக்க விரலைப் பதம் பார்க்கும். கடையிலேயே சக்கரத்தை அழுத்திப் பார்த்து, இலகுவாக இறங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சில மாதங்களாக இந்த மெஷின் தினமும் ஓடுகிறது. லேபில் நின்றுபோன அந்த அசெம்பிளி திறக்கிறது, சுழல்கிறது, அளவை மாற்றினால் காத்திருக்கும் நேரம் எரிச்சல் தரும் அளவுக்கு இல்லை. ஆன்சிஸ் ஓடும்போது பக்கத்தில் ரிப்போர்ட் தட்டச்சு செய்யவும் முடிகிறது. குறை என்று சொன்னால் பிளெண்டர் அனிமேஷன்; ஒவ்வொரு ஃப்ரேமாக ரெண்டர் ஆகி முடிய இரவு போய்விடுகிறது. அது இந்த விலையில் எதிர்பார்த்ததுதான்.

ஆர்கிடெக்சர் மாணவருக்கும், லூமியன், என்ஸ்கேப் என்று வாக்-த்ரூ காட்ட வேண்டிய சிவில் மாணவருக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அந்த மென்பொருள்கள் முழுக்கக் கார்டை நம்பியவை. அங்கே கடைக்காரரின் 'பாதிப் பணம் கார்டுக்கு' கொட்டேஷன் சரியாகவே இருக்கும். 16 ஜிபி நினைவகம் உள்ள கார்டுவரை போனாலும் தப்பில்லை. ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சே வேண்டாம், லேப்டாப்தான் வழி. அங்கே கார்டின் பெயர் ஒன்றாக இருந்தாலும் டெஸ்க்டாப் கார்டின் வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

நாங்கள் வாங்கிய பிறகு ஒன்று மாறிவிட்டது. 2025 இறுதியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் வந்த தட்டுப்பாடு. மைக்ரான் நிறுவனம் 'குரூஷல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே நிறுத்துவதாக டிசம்பரில் அறிவித்தது. எங்கள் 32 ஜிபியின் விலை அதே ஆண்டுக்குள் இரண்டு மடங்கைத் தாண்டியது. இந்த நிலையில் கடைக்குப் போகிறவர்கள் டிடிஆர்4-க்கு இறங்கி முடிந்துபோன பழைய போர்டில் மாட்டிக்கொள்ள வேண்டாம். கார்டைத் தள்ளிப்போடுங்கள், 16 ஜிபி குச்சி ஒன்றை மட்டும் இப்போது வாங்குங்கள். ஒற்றைக் குச்சியில் மாடலிங் பெரிதாகப் பாதிக்காது. விலை இறங்கும்போது அதே மாடலில் இரண்டாவதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள், அதில் ராமின் மாடல் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.